எகலியகொடைப் பச்சை

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் சாலை. எகலியகொடை. சாலையோரம் ஈரம் காயாத வயல். வயல் நடுவே ஒரு தகரக் கூரை. கூரைக்கடியில் சதுரமான குழி.

குழியின் நான்கு சுவரிலும் கட்டைகள் அடுக்கியிருக்கின்றன. கட்டைக்கும் மண்ணுக்கும் நடுவே பெரணி இலைக் கட்டுகள். சேறு சரியாமல் பிடித்திருப்பது அந்த இலைதான். தண்ணீர் இறைக்கும் எஞ்சின் ஓய்வதில்லை. எஞ்சின் நின்றால் குழி நிறையும்.

விளிம்பில் சமன் தெய்வத்தின் படம். படத்தின் முன் எண்ணெய் விளக்கு. காற்று படாமல் விளக்கைச் சுற்றி ஒரு பிஸ்கட் டின்.

கீழே இருவர். மேலே மூவர். கூடை ஏறி வருகிறது. மண். மறுபடி கூடை. மண். களிமண். மறுபடி மண். யாரும் அதைப் பார்ப்பதில்லை. கை மட்டும் வாங்கிக் கொட்டுகிறது.

கீழே இரும்புக் கம்பி குத்தும் ஓசை திடீரென்று மாறுகிறது. மெத்தென்று இறங்கிய கம்பி நறநறக்கிறது. மேலே பேச்சு நிற்கிறது. ஒருவர் பீடியை அணைக்கிறார். கூடையில் இப்போது வருவது கூழாங்கல். இல்லம் என்று இங்கே சொல்வார்கள். பழைய ஆறு விட்டுப்போன சரளை. இந்தக் கூடையை எல்லோரும் பார்க்கிறார்கள்.

இல்லம் ஒரு மூலையில் குவிகிறது. அதன் மேல் சாக்கு மூடப்படுகிறது. சாக்கின் மேல் ஒருவர் உட்காருகிறார்.

கழுவும் நாள். இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். கையில் மூங்கில் வட்டி. வட்டி சுழல்கிறது. கலங்கல் விளிம்பு வழியாக வழிகிறது. மேலே தங்கும் வெள்ளைக் குவார்ட்ஸ் கையால் தள்ளப்படுகிறது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. அதைவிடக் கனமானவை நடுவில் ஒதுங்குகின்றன. நீலக்கல் 4. கார்னெட், சர்க்கோன், ஸ்பினெல், கறுப்பு இல்மனைட். சுழற்றும் கைகளுக்கு இந்த எண்கள் தேவைப்படவில்லை.

வட்டி வெயிலுக்குச் சாய்கிறது. மூத்தவர் குனிகிறார். விரல் நுனி ஈரக் கற்களை ஒரு பக்கம் நகர்த்துகிறது. நீலம் இல்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறது. நீலம் இல்லை. கரும்பச்சையில் ஒரு கல். விரல் கணுவளவு. ஓரங்கள் ஆற்றில் உருண்டு மழுங்கியிருக்கின்றன. வெயிலில் தூக்கிப் பார்க்கிறார். வெளிச்சம் உள்ளே போகிறது, பாதியில் நிற்கிறது.

‘சர்க்கோன்’ என்கிறார். கல் பச்சைக் கற்களோடு சேர்கிறது. பச்சைக் கற்கள் காகிதத்தோடு மடிகின்றன. நில உரிமையாளர், எஞ்சின்காரர், குழியில் இறங்கியவர்கள் என்று பங்கு பிரிய வேண்டிய பொட்டலம் சட்டைப் பைக்குள் போகிறது.

இரத்தினபுரி. மணிக்கூட்டுக் கோபுரத்தை அண்டிய தெரு. காலை. கடை என்று எதுவும் இல்லை. ஆட்கள்தான் கடை. வெள்ளைச் சட்டை, சாரம், கையில் டார்ச். உள்ளங்கையில் விரித்த காகிதம். காகிதத்தின் நடுவில் கல். ஒரு தலை குனிந்தால் நான்கு தலைகள் சேர்ந்து குனிகின்றன.

விலை சிங்களத்தில் பேசப்படுகிறது. விலையைப் பற்றிய அபிப்பிராயம் பக்கத்தில் நிற்பவரிடம் தமிழில் போகிறது. பேருவளையிலிருந்து வந்த சோனக வியாபாரிகள். பாட்டனார் காலம் தொட்டுக் கல்லோடு இருப்பவர்கள். ஒருவர் மற்றவரை ‘நானா’ என்று அழைக்கிறார்.

‘நானா, இதக் கொஞ்சம் பாருங்க.’

‘சர்க்கோன்.’

‘பச்ச சர்க்கோன் இப்ப எல்லாரும் கேக்கிறாங்க.’

‘கேக்கிறாங்க. வாங்கிறாங்க இல்ல.’

பொட்டலம் மடிகிறது. விற்பவன் பத்து அடி நடக்கிறான். நடையில் அவசரம் இல்லை. பின்னாலிருந்து குரல் வருகிறது. திரும்புகிறான். பொட்டலம் மறுபடி விரிகிறது. இது தெரு முழுவதும் நடக்கிறது. மதியம் வரை நடக்கிறது.

பெரியவர் ஒவ்வொரு கல்லாக டார்ச்சின் மேல் வைக்கிறார். ஐந்தாவது கல்லில் டார்ச் அரை நொடி கூடுதலாக நிற்கிறது. சர்க்கோனுக்குக் கூரிய பளபளப்பு உண்டு. இதன் மேல்பரப்பில் சாதாரணக் கண்ணாடியின் மினுக்கம்தான். உள்ளே மங்கலாக ஒரு சிலுவைக் கோடு. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கல்லை மற்றக் கற்களோடு அலட்சியமாகத் தள்ளுகிறார். பொட்டலத்தை மொத்தமாக விலை கேட்கிறார்.

பேருவளை. வீட்டின் முன்னறை. மேசையில் வெள்ளை விரிப்பு. கறுப்புப் போத்தல் ஒன்று. உள்ளே மெத்திலீன் அயோடைடு. திரவம் கறுக்காமல் இருக்கப் போத்தலின் அடியில் ஒரு செப்புத் துண்டு. மகன் மூக்கைச் சுளிக்கிறான். பெரியவர் கண்ணாடிக் குழாயில் திரவத்தை ஊற்றுகிறார். அதன் அடர்த்தி 3.32.

முதல் கல். நேராக அடிக்கு இறங்குகிறது. இரண்டாவது. அடி. மூன்றாவது. அடி. பச்சைச் சர்க்கோனின் அடர்த்தி 4-ஐ ஒட்டியது. தயங்குவதில்லை.

அந்தக் கல். கிடுக்கி அதைத் திரவத்துக்குள் முக்குகிறது, விடுகிறது. கல் கீழே போகவில்லை. நிற்கிறது. பிறகு மிக மெதுவாக மேலே வருகிறது. இரண்டு பேரும் குழாயின் இரு பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள்.

ஒளிவிலகல் மானி. கல்லின் ஒரு பக்கம் சிறிது தேய்த்துத் தட்டையாக்கப்பட்டிருக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய். அளவுகோலில் ஒரே ஒரு நிழல் கோடு. 1.60-க்கு அருகே. சர்க்கோனாக இருந்தால் கோடு 1.80-ஐ ஒட்டி, அளவுகோலின் கடைசியில் விழ வேண்டும்.

அடுத்தது போலாரிஸ்கோப். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வடிகட்டித் தகடுகள். நடுவில் கல். பொதுவாகப் படிகம் ஒரு சுற்றுக்குள் நான்கு முறை வெளிச்சமும் நான்கு முறை இருட்டும் காட்டும். கனசதுர அமைப்புள்ள படிகங்களும் கண்ணாடியும்தான் காட்டாது. கல் சுழல்கிறது. இருட்டு. இன்னும் கால் சுற்று. இருட்டு. முழுச் சுற்று. இருட்டு.

‘போத்தல் துண்டா வாப்பா?’

பெரியவர் பதில் சொல்லவில்லை. அலுமாரியிலிருந்து ஒரு சிறிய பெட்டியை எடுக்கிறார். கைகர் கருவி. பொத்தான் அழுத்தியதும் எப்போதோ ஒரு ‘டிக்’. கருவி சர்க்கோன்களின் பக்கம் போகிறது. எப்போதோ ஒரு ‘டிக்’. கருவி பச்சைக் கல்லை நெருங்குகிறது. டிக்குகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. பிறகு இடைவெளியே இல்லை.

மகன் நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கிறான்.

1953. இதே எகலியகொடைச் சரளை. எஃப்.எல்.டி. ஏக்கநாயக்க என்ற ரத்தின ஆய்வாளரின் கையில் இதே பச்சை. பார்த்துப் பழகிய எந்தக் கல்லோடும் அது ஒத்துப்போகவில்லை. லண்டனுக்குப் போகிறது.

லண்டனில் பி.டபிள்யூ. ஆண்டர்சன். ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் தலைவர். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஜி.எஃப். கிளாரிங்புல். இலங்கையிலிருந்து வரும் கற்கள் அவருக்குப் புதியவை அல்ல. பழுப்புப் பெரிடாட் என்று காலங்காலமாக விற்ற இலங்கைக் கல் தனியொரு கனிமம் என்று 1952-இல் அவரும் எம்.எச். ஹேயும் காட்டியிருக்கிறார்கள். அதற்குச் சிங்களைட் என்று பெயர்.

பச்சைக் கல்லின் தூள் எக்ஸ்-கதிரின் முன்னால் வைக்கப்படுகிறது. படிகமானால் ஃபிலிமில் கோடுகள் விழும். ஃபிலிம் கழுவப்படுகிறது. கோடுகள் இல்லை. தூள் உலையில் சூடாக்கப்படுகிறது. மறுபடி எக்ஸ்-கதிர். மறுபடி ஃபிலிம். இந்த முறை கோடுகள் இருக்கின்றன. நாற்கோண அமைப்பின் கோடுகள்.

1961. நேச்சர் இதழ். ஆண்டர்சன், கிளாரிங்புல், டேவிஸ், ஹில் என்று நான்கு பெயர்கள். இலங்கையின் புதிய கனிமம். எக்கனைட். கண்டெடுத்தவரின் பெயரில் பாதி, கல்லோடு போகிறது. கால்சியம், தோரியம், சிலிக்கன், ஆக்சிஜன். சில்லறையாக யுரேனியம், இரும்பு, ஈயம்.

அதற்கு அரை நூற்றாண்டு முன்பே இந்த மாவட்டத்தில் கனிமங்களைத் தேடி ஓர் ஆள் நடந்திருக்கிறார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநர். சர் முத்து குமாரசுவாமியின் மகன். கையில் சுத்தியல், தோளில் பை. 1903-இல் ஜி.டி. பிரயரோடு சேர்ந்து செரண்டிபைட் என்ற அரிய போரான் சிலிக்கேட்டை விவரிக்கிறார். பலாங்கொடைப் பக்கத்துச் சரளையில் கிடைத்த சிறு கறுப்புக் கனசதுரங்கள் 1904-இல் தோரியனைட் என்று பெயர் பெறும் கதையிலும் அவர் இருக்கிறார். அந்தக் கறுப்புக் கல்லுக்கு அன்று வாங்குவோர் உண்டு. கேஸ் விளக்கின் மேன்டில் வெள்ளை வெளேரென்று எரியத் தோரியம் வேண்டும். ஆனந்த குமாரசுவாமி பிறகு சிற்பங்களின் பக்கம் போய்விடுகிறார். அவருடைய கனிமங்களைப் பற்றிச் சிற்ப வாசகர்கள் அதிகம் கேட்பதில்லை.

பேருவளை மேசையில் கல் அசையாமல் இருக்கிறது.

உள்ளே அப்படி இல்லை.

கட்டப்பட்ட காலத்தில் அது ஒழுங்கான வீடு. ஒரு சிலிக்கன் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன். அப்படி நான்கு கூடி ஒரு வளையம். வளையங்கள் சேர்ந்து மடிப்பு மடிப்பாக ஒரு தாள். மடிப்புகளின் இடையில் கால்சியம். எட்டு ஆக்சிஜன் அணுக்கள் சூழ நடுவில் தோரியம். வாய்ப்பாட்டின்படி கல்லின் எடையில் நூற்றுக்கு 27 பங்கு தோரியம்.

தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,405 கோடி ஆண்டு. பூமியின் வயதைப் போல மூன்று மடங்கு. அவசரமில்லாத தனிமம். ஆனாலும் ஒரு கிராம் எக்கனைட்டில், அதாவது 5 காரட்டில், ஒவ்வொரு வினாடியும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தோரியம் அணுக்கள் சிதைகின்றன. ஒரு வினாடி. ஆயிரம். அடுத்த வினாடி. ஆயிரம். அவற்றின் வழித்தோன்றல்களின் சிதைவு தனிக் கணக்கு.

சிதையும் அணு ஆல்ஃபா துகளை வெளியே வீசுகிறது. வீசும் வேகத்தில் அணுக்கரு எதிர்ப்பக்கம் உதைபடுகிறது. உதைபட்ட அணுக்கரு தன் வழியில் நூற்றுக்கணக்கான அணுக்களை இடம் பெயர்க்கிறது. தோரியம் ஈயமாக முடிவதற்குள் இது ஆறு முறை நடக்கிறது.

ஆல்ஃபா துகள் கல்லுக்குள் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு தூரமே ஓடுகிறது. நிற்கிறது. இரண்டு எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்கிறது. ஹீலியம் ஆகிறது.

இலங்கையின் மேட்டுநிலப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய காலம் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுக்கு முன். அன்றிலிருந்து கணக்கிட்டாலும் நூறு தோரியம் அணுக்களில் மூன்றுகூட இன்னும் தீரவில்லை. தொண்ணூற்றேழு அப்படியே இருக்கின்றன. அந்த மூன்று போதுமாக இருந்திருக்கிறது. தாள் இல்லை. வளையங்களின் வரிசை இல்லை. அணுக்கள் ஏறக்குறைய எல்லாம் உள்ளே இருக்கின்றன, வாய்ப்பாடும் பெரிதாக மாறவில்லை. வரிசை மட்டும் போய்விட்டது. போலாரிஸ்கோப்பில் கல் முழுச் சுற்றும் இருட்டாக நின்றது இதனால்தான். பச்சைச் சர்க்கோனுக்கும் பாதிக் கதை இதே. அதனுள் யுரேனியமும் தோரியமும் கொஞ்சம்தான். அது பாதி உடைந்து நிற்கிறது.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை. கன்னியாகுமரி மாவட்டம். அலை ஒதுக்கிய கருமணல். அதில் தேன் நிறப் பொடியாக மோனசைட். அதற்குள்ளும் தோரியம். அதைத் தாங்கிய பாறைகளும் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழையவை. இலங்கையும் இந்தக் கரையும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்தவை. ஆல்ஃபா துகள்கள் அங்கேயும் ஓடுகின்றன. அணுக்கரு அங்கேயும் உதைபடுகிறது. மோனசைட் படிகமாகவே இருக்கிறது. அது பாஸ்பேட். இடம் பெயர்ந்த அணுக்கள் திரும்பத் தங்கள் இடத்துக்கு வந்து சேர்கின்றன. சிலிக்கேட்டின் பிணைப்புகள் அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. எக்ஸ்-கதிர் ஃபிலிமில் மோனசைட்டின் கோடுகள் தெளிவாக விழுகின்றன.

கனடாவின் யூக்கான். டூம்ஸ்டோன் மலைகள். பனியாறு எங்கிருந்தோ இழுத்து வந்து போட்ட சயனைட் பாறாங்கல். பாறாங்கல்லுக்குள் எக்கனைட். வைக்கோல் மஞ்சளிலிருந்து அடர் சிவப்பு வரை நிறம். இலங்கைப் பச்சை இல்லை. இந்தப் படிகங்கள் உடையாமல் இருக்கின்றன. கனடியர்கள் அவற்றை எக்ஸ்-கதிரில் வைத்து அணு அணுவாக இடம் குறிக்கிறார்கள். கட்டுரை 1982-இல் வருகிறது. மடிந்த தாளும் எட்டு ஆக்சிஜனும் அதிலிருந்துதான் தெரியவருகின்றன. எகலியகொடைக் கல் கட்டப்பட்ட விதம் யூக்கான் கல்லிலிருந்து எழுதப்படுகிறது.

பேருவளை. பெரியவர் விளக்கை அணைக்கிறார். ஒற்றை டார்ச்சைக் கல்லின் நேர் மேலே பிடிக்கிறார். கல்லின் முதுகில் நான்கு கதிர்கள். மங்கல். டார்ச் நகர்ந்தால் கதிர்களும் நகர்கின்றன.

உள்ளே நுண்ணிய ஊசிகள். கல் படிகமாக இருந்த காலத்தில், படிகத்தின் திசையைப் பார்த்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு வரிசையில் படுத்தவை. சுற்றியிருந்த படிகம் கண்ணாடியாகிவிட்டது. ஊசிகள் திசை மாறவில்லை. ஒளி அவற்றின் மேல் விழுந்து குறுக்குக் கோடாகத் திரும்புகிறது.

‘ஸ்டார்’ என்கிறான் மகன். நாற்காலி மறுபடி மேசையருகே வந்திருக்கிறது.

‘மோதிரத்துக்கு ஆகாது.’

‘பென்டன்ட்?’

‘நெஞ்சில வெச்சிக்கிறதா?’

மகன் பேசவில்லை. பெரியவர் தாளை எடுக்கிறார். ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துவிடும். காமா கதிரைத் தாள் தடுக்காது. தோரியத்தின் வழித்தோன்றல்களில் தாலியம் ஒன்று உண்டு. அதன் காமா கதிர் வலுவானது. கல்லைத் தூக்கிப் பார்த்து வைப்பதால் ஒன்றும் ஆகாது. ஆண்டுக்கணக்கில் தோலோடு ஒட்டி அணிவது வேறு. வாங்குபவர் சேகரிப்பாளர். அவருக்குத் தேவை பெட்டியில் ஒரு இடம். பெட்டி படுக்கையறையில் இருக்கக் கூடாது. பெட்டி இருக்கும் அறைக்குக் காற்றோட்டம் வேண்டும். இதெல்லாம் தாளில் ஒவ்வொரு வரியாக ஏறுகிறது. விலை கடைசி வரி.

பின் அறை. பட்டை தீட்டும் சக்கரம். தீட்டுபவர் கல்லை உள்ளங்கையில் உருட்டுகிறார். கடினம் 5-இலிருந்து 6-க்குள். நீலக்கல் 9. இது சக்கரத்தில் சீக்கிரம் தேயும். கதிர்கள் நடுவில் விழ வேண்டுமானால் உச்சி சரியாக இருக்க வேண்டும். பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறார். டார்ச் பிடித்துப் பார்க்கிறார். புள்ளியை அழிக்கிறார். அரை மில்லிமீட்டர் தள்ளி மறுபடி வைக்கிறார்.

சக்கரம் சுழல்கிறது. தண்ணீர் சொட்டுகிறது. கல் படுகிறது, விலகுகிறது. தீட்டுபவர் அதை முகத்தருகே கொண்டுபோய் ஊதுகிறார். பார்க்கிறார். மறுபடி சக்கரம். மறுபடி முகம். முப்பது ஆண்டாகச் செய்யும் செய்கை. நீலக்கல்லில் செய்தது, கோமேதகத்தில் செய்தது.

‘தம்பி, ஊதாதீங்க.’

கல் உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது.

‘இந்தத் தூள் உள்ள போனா வெளிய வராது.’

தோலைத் தாண்ட முடியாத ஆல்ஃபா துகளுக்கு நுரையீரலின் உள்ளே தாண்டுவதற்குத் தோல் இல்லை. தீட்டுபவருக்கு முகமூடி வருகிறது. முகமூடியின் நாடா காதில் நிற்கவில்லை. முடிச்சுப் போட்டுக் கட்டுகிறார். ஈரத்துணி ஒன்று சக்கரத்தின் பக்கத்தில் வைக்கப்படுகிறது. தண்ணீர்க் குழாய் இன்னும் கொஞ்சம் திறக்கிறது.

சக்கரம். கல் படுகிறது, விலகுகிறது. கை பழக்கத்தில் முகத்தை நோக்கி எழும்புகிறது. பாதி வழியில் திரும்புகிறது. துணி துடைக்கிறது. மறுபடி சக்கரம். மறுபடி கை எழும்புகிறது. துணி. ஏழெட்டு முறைக்குப் பிறகு கை நேராகத் துணிக்கே போகிறது.

சக்கரத்தின் கீழே சாம்பல் பச்சையில் சேறு சேர்கிறது. வழக்கமாக இது முற்றத்துக் கானில் போகும். மகன் கானின் வாயை அடைக்கிறான். சக்கரத்தின் கீழே வாளியை நகர்த்தி வைக்கிறான். வாளிக்கு மூடி இருக்கிறதா என்று பெரியவர் கேட்கிறார்.